அழைப்பு வருமுன்

(பெங்களூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மட்டக்களப்புக் கரையோரத்துக் கிணறுகள் ஆழம் குறைந்தவை. மணல் நிலம். சில சிமென்ட் உறைகளை இறக்கினாலே தண்ணீர் வந்துவிடும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே பாறை கிடையாது, களிமண் கிடையாது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, அதனால் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்து திரும்பியபோது, இலங்கையின் கரை நெடுகப் பல்லாயிரம் கிணறுகளில் கடல்நீரும் சேறும் நிரம்பிவிட்டன. உதவிக்கு வந்த குழுக்கள் பம்புசெட்டுகளோடு வந்து இறைத்தன. தண்ணீர் உப்புக் கரித்தது. மறுபடி இறைத்தார்கள். ஒரு குழு இறைத்துவிட்டுப் போன கிணற்றை இன்னொரு குழு வந்து இறைத்தது. மேலே தேங்கியிருந்த கொஞ்சநஞ்ச நல்ல தண்ணீரும் போய், அடியிலிருந்த உப்புநீர் மேலேறியது. பிற்பாடு அங்கே ஆய்வு செய்த நிலத்தடி நீர் வல்லுநர்கள் சொன்ன வழி மிக எளியது. சேற்றை ஒருமுறை அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். அதன்பின் கிணற்றில் கை வைக்காமல் மழைக்கு விட்டுவிடுங்கள். அதுவரை குடிநீரை லாரியில் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் கடல்நீர் புகுந்த கிணறுகளுக்கென்றே தனிக் குறிப்பு ஒன்றைப் பிறகு வெளியிட்டது.

வந்தவர்கள் நல்ல மனம் உள்ளவர்கள். உழைக்க அஞ்சாதவர்கள். அவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். போவதற்கு முன் மணல் நிலத்துக் கிணற்றைப் பற்றி இரண்டு நாள் உட்கார்ந்து படித்திருந்தால் அந்தக் கிணறுகள் பிழைத்திருக்கும். ஆனால் அந்த இரண்டு நாளுக்குப் பணம் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பம்புசெட்டுக்குக் கொடுப்பார்கள், டீசலுக்குக் கொடுப்பார்கள், விமான டிக்கெட்டுக்குக் கொடுப்பார்கள். அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை; புகைப்படத்தில் வருகிறவை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். வெளிநாட்டில் ஒரு பேரிடர் என்றால் இங்கிருந்து மனமுவந்து போகக்கூடிய மருத்துவர், செவிலியர், குடிநீர்ப் பொறியாளர், உளநலப் பணியாளர் ஆகியோரை எப்படித் தயார் செய்வது? அதற்கான பணம் எங்கிருந்து, எப்போது வரவேண்டும்? பெங்களூரில் நின்று இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இத்தனை மருத்துவமனைகளும் இத்தனை பொறியாளர்களும் இத்தனை செல்வமும் ஒரே இடத்தில் கூடியிருக்கும் ஊர் இந்தியாவில் அதிகம் கிடையாது. அதற்கும் மேலாக, தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் பேசுகிறவர்கள் ஒரே வார்டில் வேலை பார்க்கும் ஊர் இது. இருந்தும், நாளைக் காலை பக்கத்து நாட்டிலிருந்து அழைப்பு வந்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடிய நிலையில் இருக்கிற, பயிற்சி முடித்த சிவிலியன்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றுதான் அஞ்சுகிறேன்.

நம் நாட்டுக்கு இதில் ஒரு நல்ல முன்னோர் வரிசை உண்டு. 1938இல் ஜப்பானின் படையெடுப்பில் சீனா சிக்கியிருந்தது. அங்கிருந்து மருத்துவர்களை அனுப்பும்படி வேண்டுகோள் வந்தது. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் ஜூன் 30 அன்று மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். ஜூலை 7 முதல் 9 வரை நாடெங்கும் நிதி திரட்டினார்கள். சேர்ந்தது 22,000 ரூபாய். அடிமை நாட்டு மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது. அந்தப் பணத்தில் ஐந்து மருத்துவர்கள் செப்டம்பர் முதல் தேதி பம்பாயில் கப்பலேறினார்கள். அடல், சோல்கர், பாசு, முகர்ஜி, கோட்னிஸ். தலைவரான அடல் ஏற்கெனவே ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் மேற்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர். சீனம் தெரியாமல் போனவர், அங்கே அந்த மொழியைக் கற்று, வட சீனத்தில் பெதூன் சர்வதேச அமைதி மருத்துவமனையின் இயக்குநராக உயர்ந்தார். அங்கேயே மணம் புரிந்துகொண்டார். 1942 டிசம்பரில், 32ஆம் வயதில், வலிப்பு நோயால் இறந்தார். சீனாவில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது.

கோட்னிஸின் தியாகத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுவது அந்த 22,000 ரூபாய். அறிக்கை வெளியான நாளுக்கும் கப்பல் புறப்பட்ட நாளுக்கும் இடையே இரண்டு மாதம். அந்தக் காலத்துப் போருக்கு அது போதும். நெடும்போர் அது, குழு போய்ச் சேரும்போதும் போர் நடந்துகொண்டுதான் இருந்தது. இன்றைய நிலநடுக்கத்துக்கும் புயலுக்கும் அந்த இரண்டு மாதம் கிடைக்காது. இடிபாட்டுக்குள் சிக்கியவர்களில் உயிரோடு மீள்கிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் மீட்கப்படுகிறவர்கள். கூட்டம் போட்டு, நிதி திரட்டி, ஆள் தேடி, பிறகு அனுப்பலாம் என்றால் போய் இறங்கும்போது அங்கே செய்வதற்கு வேறு வேலைதான் இருக்கும்.

அரசு இதில் வெகுதூரம் வந்திருக்கிறது; அதை மனமாரச் சொல்ல வேண்டும். 2004 சுனாமியின்போது தன் கரையே அடிபட்டிருந்த நிலையிலும் இந்தியக் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படை, 2011இல் ஜப்பானின் ஒனகாவாவுக்கு 46 பேரை அனுப்பியது. வெளிநாட்டில் அதன் முதல் பணி அது. 2015இல் நேபாளம். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் நிலம் நடுங்கியபோது அந்தப் படையிலிருந்து 151 பேரும், ராணுவத்தின் 60 பாரா ஃபீல்டு மருத்துவமனையிலிருந்து 99 பேரும் போனார்கள். இஸ்கெண்டெருன் நகரில் 30 படுக்கை மருத்துவமனை ஒன்று எழுந்தது. 2025 மார்ச்சில் மியான்மர், அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டிட்வா புயல் தாக்கிய இலங்கை.

துருக்கிப் பயணத்தில் ஒரு சிறு செய்தி எனக்கு மறக்கவே மறக்காது. புறப்பட வேண்டிய வீரர்களில் பெரும்பாலோரிடம் பாஸ்போர்ட் இல்லை. வெளியுறவு அமைச்சக அதிகாரிகள் ஒரே இரவில் 140க்கும் மேற்பட்ட பாஸ்போர்ட்டுகளைத் தயார் செய்து கொடுத்தார்கள். 18 மாத இரட்டைக் குழந்தைகளை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் ஒரு துணை மருத்துவப் பணியாளர். அந்த இரவில் உழைத்த ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அந்த இரவை ஓர் அரசாங்கத்தால் மட்டுமே வாங்க முடியும். ஜெயநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் எலும்பு மருத்துவருக்காக எந்த அலுவலகமும் விடிய விடிய விளக்கெரிக்காது. அவர் தன் பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து, காலாவதி ஆகாமல் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

பாஸ்போர்ட்டையாவது ஓர் இரவில் முடிக்கலாம். உடம்பை முடிக்க முடியாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் சான்றிதழ், ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். ஆப்பிரிக்காவில் பல நாடுகள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு வழக்கமான கணக்கு மூன்று தவணை; முதல் ஊசிக்கும் மூன்றாவதற்கும் இடையே ஆறு மாதம். ஆக, அடுத்த ஆண்டு வரப்போகும் ஓர் அழைப்புக்கு இந்த ஆண்டே ஊசி போட்டிருக்க வேண்டும். வரப்போவது எந்த நாட்டு அழைப்பு, வருமா வராதா என்பதெல்லாம் தெரியாத நிலையில், ஒரு செவிலியர் தன் கைக்காசைப் போட்டு இதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

என் துறை குடிநீர். அதனால் பயிற்சி என்றால் என்ன என்பதை அங்கிருந்தே காட்டுகிறேன். 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் இந்த ஊருக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தண்ணீரைக் கொண்டுவருகிறது. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டுக்கு ஏற்றி. அதில் வேலை பார்த்த இளம் பொறியாளர் உலகத்தில் எங்கு போனாலும் தலை நிமிர்ந்து நிற்கலாம். அவர் படித்த கையேடு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது. அகதி முகாமில் அவர் கையில் கிடைக்கும் கையேடு வேறு. ஸ்ஃபியர் என்கிற உலகளாவிய குறைந்தபட்ச நெறிமுறை அது. ருவாண்டா அகதி முகாம்களில் காலராவில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1997இல் பல நிறுவனங்கள் கூடித் தொடங்கிய முயற்சி. அது சொல்வது: ஆளுக்கு 15 லிட்டர். ஒரு குழாய்க்கு 250 பேர். வீட்டிலிருந்து தண்ணீர் பிடிக்கும் இடம் 500 மீட்டருக்குள். 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்க வேண்டும். குழாயில் வரும் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை.

135லிருந்து 15க்கு இறங்குவது வெறும் கணக்கு அல்ல. அங்கே பவர் இருக்காது, லேப் இருக்காது. ப்ளீச்சிங் பவுடர் மூட்டை ஒன்று இருக்கும். அது எப்போது பிரிக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. பிரித்து வைத்த பவுடர் நாளாக ஆக வீரியம் இழக்கும். மூட்டையில் அச்சிட்ட அளவை நம்பிப் போட்டால் கிருமி சாகாது. இதற்கு ஹாராக்ஸ் சோதனை என்று ஒரு பழைய முறை இருக்கிறது, நம் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் சமூக மருத்துவப் பாடத்தில் படிக்கிறார்கள். ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை. கறுப்புக் கோப்பையில் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை வெள்ளைக் கோப்பைகளில் இருக்கும் தண்ணீருக்கு முதலாவதில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு சொட்டு என்று வரிசையாக விட வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து, ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச் அயோடைடு கரைசலை விட்டால், எந்தக் கோப்பையில் முதலில் தெளிவான நீலம் தெரிகிறதோ அதுதான் விடை. மூன்றாவது கோப்பை என்றால் மூன்று கரண்டி; கரண்டிக்கு இரண்டு கிராம்; ஆக 455 லிட்டருக்கு ஆறு கிராம். நான் எடுக்கும் வகுப்புகளில் பெரிய பெரிய சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்தவர்கள் இந்தக் கோப்பைகளின் முன் குனிந்து உட்காருகிறார்கள். நீலம் தெரியும் வரை யாரும் பேசுவதில்லை. இதை அவர்கள் இங்கே, பெங்களூரில், மின்விசிறிக்கு அடியில் ஒருமுறை செய்துவிட்டுப் போக வேண்டும். அங்கே, இருபதாயிரம் பேர் பாத்திரத்தோடு நிற்கும்போது முதல்முறையாகச் செய்யக் கூடாது.

மருத்துவர்களுக்கும் இதே கதைதான். 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது உலகமெங்குமிருந்து மருத்துவக் குழுக்கள் குவிந்தன. சில குழுக்களின் அறுவைச் சிகிச்சைத் தரம் பற்றி, கை கால் நீக்கியது பற்றி, அதைப் பதிவு செய்யாமல் போனது பற்றி, பிறகு கடுமையான கேள்விகள் எழுந்தன. அதன் விளைவாக 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடும் குறைந்தபட்சத் தகுதியும் வகுத்தது. அதில் எனக்குப் பிடித்த விதி, வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய சோறு, தண்ணீர், படுக்கை, மின்சாரம், மருந்து, கழிவை அகற்றும் ஏற்பாடு எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவர வேண்டும் என்பது. புறநோயாளிகளை மட்டும் பார்க்கும் எளிய குழுவே இரண்டு வாரம் யார் கையையும் எதிர்பாராமல் நிற்க வேண்டும். வீடிழந்தவனிடம் போய் நமக்கு ஓர் இடம் கொடு என்று கேட்பது உதவியாகாது. ஆனால் இப்படி நிற்பதற்குக் கூடாரமும் ஜெனரேட்டரும் முன்கூட்டியே வாங்கி, ஒருமுறையாவது ஏதாவது ஒரு மைதானத்தில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மனம் சம்பந்தப்பட்ட பணியில் இந்த ஊருக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 1984 போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பின், இங்குள்ள நிம்ஹான்ஸ் உளநல நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். சீனிவாச மூர்த்தி போன்றவர்கள் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு உளநலப் பயிற்சி கொடுத்தார்கள். 1993 மராத்வாடா நிலநடுக்கம், 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம், 2004 சுனாமி என்று அந்தப் பணி தொடர்ந்தது. பேரிடர்க் காலத்தின் உளசமூக ஆதரவுக்கென்றே இன்று நிம்ஹான்ஸில் ஒரு துறை இருக்கிறது. இந்த மரபின் சாரம் எனக்குப் புரிந்தவரை ஒன்றுதான்: ஆலோசகர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பாதே, அங்கிருக்கும் ஆசிரியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் தயார் செய். வெளியூர்க்காரர் மூன்று வாரத்தில் திரும்பிவிடுவார். அங்கன்வாடிப் பணியாளர் அந்தத் தெருவிலேயே இருப்பார்.

சுனாமிக்குப் பின் இலங்கைக்கு வெளிநாட்டு ஆலோசகர்கள் ஏராளமாகப் போனார்கள். தமிழோ சிங்களமோ தெரியாமல், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளநல முதலுதவிக் கையேடு, யாரையும் நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தாதீர்கள் என்கிறது. பாருங்கள், செவிகொடுங்கள், தேவைப்படும் உதவியோடு இணைத்துவிடுங்கள், அதோடு நிறுத்துங்கள். போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, போகும் ஊரில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், அங்குள்ள மக்களின் மனக்காயங்களைப் பற்றி 1998இலேயே ஸ்கார்ட் மைண்ட்ஸ் என்ற நூலை எழுதியிருந்தார். அதைப் படிக்காமல் வடக்குக்குப் போகிறவர் அங்குள்ளவர்களின் நேரத்தை வீணாக்குகிறார். தமிழ் பேசும் செவிலியரும் உளநலப் பணியாளரும் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மட்டக்களப்பிலோ மலையகத் தோட்டத்து லயன் வீடுகளிலோ அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவர்களைத் தயார் செய்து வைக்காமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். தன்னார்வம் என்றால் சம்பளம் இல்லாமல் செய்வது என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். அப்படியானால் யார் போக முடியும்? சொந்த கிளினிக் வைத்திருக்கும், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட மூத்த மருத்துவர் போக முடியும். தர்மபுரியிலிருந்து வந்து, இங்கே ஹாஸ்டலில் தங்கி, மாதச் சம்பளத்தில் பாதியைப் படிப்புக் கடனுக்கும் மீதியில் பாதியை வீட்டுக்கும் அனுப்பும் ஐ.சி.யு. செவிலியரால் முடியாது. ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு என்றால் ஊரில் தவணை நின்றுவிடும். திரும்பி வந்தால் அதே வார்டில் இடம் இருக்குமா என்பதும் தெரியாது. ஆனால் களத்தில் ஒரு மருத்துவரோடு நாலைந்து செவிலியர் வேண்டும். மயக்க மருந்துத் தொழில்நுட்பர், ஜெனரேட்டர் பழுது பார்க்கத் தெரிந்தவர், மருந்து ஸ்டாக் கணக்கு வைக்கத் தெரிந்தவர் வேண்டும். சம்பளமில்லாத் தன்னார்வம் இவர்கள் எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். 1979இல் பீட்டர் கத்ரி என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் மலேசியாவில் வியட்நாம் அகதிகளிடையே பணியாற்றினார். திரும்பியதும், அவசர காலத்தில் போகக்கூடிய பொறியாளர்களின் பதிவேடு ஒன்றை 1980இல் தொடங்கினார். அதுதான் ரெட்ஆர். இன்று ரெட்ஆர் இந்தியாவும் இருக்கிறது; இங்கே பயிற்சி கொடுக்கிறது. அந்தப் பதிவேட்டின் உயிர், பொறியாளரின் பெயரோடு அவருடைய முதலாளியின் சம்மதத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்ததில் இருக்கிறது. ஜெர்மனியில் டி.எச்.டபிள்யூ. என்கிற அரசு அமைப்பு 1950 முதல் இருக்கிறது. அதில் 80,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். தச்சர், எலெக்ட்ரீஷியன், பொறியாளர் என்று எல்லோரும் அவரவர் ஊரில் அவரவர் வேலை பார்ப்பவர்கள். பணிக்கு அழைத்தால் முதலாளி சம்பளத்தை நிறுத்தக் கூடாது. தனியார் முதலாளிக்கு அந்தத் தொகையை அரசு திருப்பிக் கொடுத்துவிடும். சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது புதிய சிந்தனை என்று சொல்லிவிடவும் முடியாது. நம் பிரதேச ராணுவத்தைப் பாருங்கள். பெங்களூரிலேயே அதன் 106ஆவது பாரா பட்டாலியன் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்பி வருகிறவரை அவருடைய பழைய வேலையில் முதலாளி மறுபடி அமர்த்த வேண்டும் என்கிறது. துப்பாக்கி ஏந்தப் போகிறவருக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கொடுத்த அந்தக் காப்பை, ஸ்டெதஸ்கோப்போடு போகிறவருக்கும் நீட்டிக்கலாமே. அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு சட்டத் திருத்தம்.

இதற்கான பணத்தைக் கம்பெனிகள் கொடுக்கலாமே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். பெங்களூரில் அந்தப் பணம் கொஞ்சமல்ல. ஆனால் 2021 ஜனவரியில் திருத்திய விதிகள், இந்தியாவுக்கு வெளியே செய்யும் செயல்களைச் சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்ப்பதில்லை. விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும்தான் விலக்கு. சொந்த ஊழியர்களுக்குப் பயன் தரும் செலவும் சேராது. ஊழியர் தன்னார்வமாகச் செய்த வேலை நேரத்தைப் பணமாக்கிக் கணக்குக் காட்டவும் முடியாது. அறக்கட்டளைகளுக்கும் தடை உண்டு: வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டு வரிவிலக்கும் வேண்டுமானால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆக, துருக்கிக்கு ஒரு குழுவை அனுப்ப எந்தக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணமும் உதவாது.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 2019இல் அதே சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பேரிடர் மேலாண்மையும் நிவாரணமும் சேர்க்கப்பட்டன. பயிற்சி பெங்களூரில் நடக்கிறது. தடுப்பூசி பெங்களூரில் போடுகிறோம். கூடாரத்தைப் போட்டுப் பார்ப்பது ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்தில். இப்படித் தயாரானவர் வெளிநாட்டு அழைப்பு வராத ஆண்டுகளில் குடகுக்கும் வயநாட்டுக்கும் சென்னைக்கும் போவார். 2018இல் குடகிலும் 2024இல் வயநாட்டிலும் 2015இல் சென்னையிலும் ஆள் தேவைப்படத்தான் செய்தது. ஆகவே பயிற்சியை உள்நாட்டுப் பேரிடர் ஆயத்தம் என்று, உண்மையாகவே அப்படி நடத்தி, எல்லா நிறுவனத்தாருக்கும் திறந்துவிட்ட ஒரு பொது அமைப்பின் வழியாகச் செய்தால் சட்டம் இடம் கொடுக்கிறது. வெளிநாட்டுப் பயணச் செலவை மட்டும் தனிநபர் நன்கொடைகளால் ஆன இன்னொரு நிதியில் வைக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. கணக்காயர்கள் இந்த அவையில் இருந்தால் தயவுசெய்து இந்த வேலைக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள். எங்களுக்குப் பொறியாளர்கள் கிடைக்கும் அளவுக்கு உங்களைப் போன்றவர்கள் கிடைப்பதில்லை.

இங்கேயே இவ்வளவு கஷ்டம் இருக்க வெளிநாட்டுக்கு எதற்கு என்று கேட்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நியாயமான கேள்வி. இப்படித் தயாரானவர் உள்நாட்டுப் பேரிடருக்கும் போவார் என்று சற்றுமுன் சொன்னதுதான் அதற்கு என் பதிலின் ஒரு பாதி. மறுபாதி, 1971இல் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் கிழக்கு வங்கத்திலிருந்து இந்தியாவுக்குள் வந்தபோது நடந்தது. பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. கல்கத்தா ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்று பொட்டலம் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, உறவினர்களே நோயாளிக்குப் புகட்டும்படி செய்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கரைசல் அன்று மாலை அவருக்குத் தோன்றியதல்ல. ஆய்வகத்தில் அமைதியான ஆண்டுகளில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தது. அந்த ஆய்வுக்கு முன்கூட்டியே செலவு செய்திருந்தார்கள். இந்திய மண்ணில், வேற்று நாட்டு அகதிகளுக்காகக் களத்தில் இறங்கிய அந்தப் பொட்டலம் பிறகு உலகத்துக்கே போனது. இந்தப் பணியில் உள்நாடு வெளிநாடு என்று கோடு கிழிப்பது கடினம்.

பெட்டிகளை நாம் தயார் செய்துவிட்டோம். ஏறத்தாழ 200 நோயாளிகளுக்குச் சிகிச்சை தரக்கூடிய பீஷ்ம் என்கிற நடமாடும் மருத்துவப் பெட்டிகளை 2024 ஆகஸ்டில் பிரதமர் உக்ரைனுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்டியைப் பிரித்து வேலை செய்யக்கூடிய சிவிலியன்களைத் தயார் செய்யும் வேலைதான் பாக்கி.

ஆகவே நான் கேட்பதை இந்த அவையில் வெளிப்படையாக வைக்கிறேன். பெங்களூர் மருத்துவமனைகளும் பொறியியல் நிறுவனங்களும், தங்கள் ஊழியர்களில் விரும்பி முன்வருகிறவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு மாதம் வரை, சம்பளத்தோடு விடுவிப்பதாக எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். செவிலியர் இருவரை இழந்தால் ஷிப்ட் ஓடாத சிறிய மருத்துவமனைக்கு, பதிலாள் வைக்கும் செலவை நான் சொன்ன நன்கொடை நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். காயம்பட்டாலோ நோயுற்றாலோ விமானத்தில் திருப்பி அழைத்துவரும் செலவு அடங்கிய காப்பீட்டை அந்த நிதியே எடுக்க வேண்டும். அது இல்லாமல் ஒருவரைக்கூட அனுப்பக் கூடாது. அழைப்பில்லாமல் யாரும் போகக் கூடாது. போகிற நாட்டின் அரசோ அங்கு ஏற்கெனவே பணி செய்யும் அமைப்போ கேட்ட பிறகு, அந்த நாடு மருத்துவப் பதிவுக்கு அனுமதி கொடுத்த பிறகு, யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறோம் என்பது தெரிந்த பிறகு போக வேண்டும்.

திரும்பி வந்த பிறகு ஒரு வாரம். அதற்கும் சம்பளம் உண்டு. திங்கட்கிழமை விமானம் இறங்கி, செவ்வாய்க்கிழமை இரவு ஷிப்டுக்குப் போகும் செவிலியரை நான் பார்த்திருக்கிறேன். யாரிடமும் எதுவும் பேசாமல் வேலை பார்த்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் தூங்க வேண்டும், ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும், விரும்பினால் ஓர் உளநல மருத்துவரிடம் பேச வேண்டும். கடைசி நாளில் உட்கார்ந்து, அங்கே எது உதவியது, எது வீணாய்ப் போனது, அடுத்து போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அடுத்த குழுவின் பயிற்சி தொடங்க வேண்டும். நிதி கொடுக்க முன்வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு வாரத்துக்கான பணத்தைத்தான்.